இரண்டு டன் கீல்

கதை எழுதுகிறவனுக்கு எண்களிடம் இயல்பாகவே ஒரு சந்தேகம் உண்டு. மனிதர்களைக் கூட்டிக் கணக்குச் சொல்லும்போது அவர்களுடைய முகம் மறைந்துபோகிறது என்பது எங்கள் கட்சி. ஐம்பது பேர் இறந்தார்கள் என்று பத்திரிகையில் படிக்கிறவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். ஒருவன் இறந்ததைக் கதையாக எழுதினால் அவரே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இந்தக் கட்சியை நானும் நெடுநாள் பேசிவந்தவன்தான். ஆனால் கறுப்பு எண்ணெய் ஒன்றின் சரித்திரத்தைப் படித்த பிறகு அதில் எனக்கிருந்த பிடிப்புத் தளர்ந்துவிட்டது. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. தார் என்று நாம் சொல்வது ஒரு பொருளை அல்ல, இரண்டு பொருள்களை. நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுட்டு எரிவாயு எடுக்கும்போது வடிகிற கறுப்புக் குழம்பு ஒன்று. பெட்ரோலியத்தைக் காய்ச்சி, பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டீசலும் ஆவியாகப் பிரிந்து போன பிறகு அடியில் தங்கும் கறுப்புக் குழம்பு மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் நிலக்கரித் தாரில் இருக்கும் ஒருவகை விஷம் பெட்ரோலியத் தாரில் மிகக் குறைவு. மண்ணெண்ணெய்க்கும் தாருக்கும் நடுவே எத்தனையோ கனத்த எண்ணெய்கள் இருக்கின்றனவே, யந்திரங்களுக்குப் போடுவதும், ரப்பரில் கலப்பதுமாக, அவற்றில் அந்த விஷம் எவ்வளவு? இந்த 'எவ்வளவு' என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை கிடைக்க இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த விஷத்தை ரசாயன நிபுணர்கள் 'அரோமாட்டிக்' குடும்பத்தைச் சேர்ந்தது என்பார்கள். வாசனைச் சேர்மங்கள் என்று பொருள். அந்தக் குடும்பத்தில் முதலில் தெரியவந்த சிலருக்கு நல்ல மணம் இருந்ததால் வந்த பெயர். கரி அணுக்கள் ஆறு கைகோத்து வளையமாக நின்றால் அது பென்ஸீன். அப்படிப்பட்ட வளையங்கள் நாலும் ஐந்தும் ஆறும் தேன்கூட்டு அறைகளைப்போல் ஒட்டிக்கொண்டு நிற்கிறவைதான் நம் கதையின் பாத்திரங்கள். பேர்தான் வாசனை, எல்லோருக்கும் அந்தக் குணம் இல்லை.

கதை லண்டனில் தொடங்குகிறது. 1775-ஆம் வருஷம் ஸெயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியில் பெர்ஸிவல் பாட் என்ற சர்ஜன் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அந்த நாளில் லண்டன் வீடுகளில் புகைபோக்கியைச் சுத்தம் செய்யச் சிறு பையன்களை உள்ளே ஏற்றுவார்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள்கூட ஒடுக்கமான அந்தக் கூண்டுக்குள் முழங்காலும் முழங்கையும் தேய ஏறுவார்கள். உடம்பெல்லாம் கரி. குளிப்பது அபூர்வம். இந்தப் பையன்கள் வளர்ந்து ஆளான பிறகு அவர்களில் சிலருக்கு விரைப்பையின் தோலில் ஒரு புண் வரும். அதை மேகநோய் என்று நினைத்துப் பாதரச மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட் அது மேகநோய் இல்லை, புற்றுநோய் என்றார். தோலின் மடிப்பில் தங்கிய கரியே காரணம் என்றும் எழுதினார். ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுநோய்க்கும் முடிச்சுப் போட்டவர்களில் முன்னோடி அவர். அந்தப் பையன்களின் வாழ்வு எவ்வளவு கொடியது என்பதையும் அவர் அந்தச் சிறு கட்டுரையிலேயே மனமிரங்கி எழுதியிருக்கிறார். நோயாளியைக் கண்ணால் பார்த்து எழுதிய எழுத்து அது.

இதற்குப் பிறகு என்ன நடந்தது? மூன்று வருஷம் கழித்து, 1778-இல், டென்மார்க்கில் புகைபோக்கி துடைப்பவர்களின் சங்கம் தன் அங்கத்தினர்களை தினமும் குளிக்கச் சொல்லிற்று. அவ்வளவுதான். எந்தப் பொருள், எத்தனை வளையம் என்றெல்லாம் அவர்கள் விசாரிக்கவில்லை. இங்கிலாந்திலோ பார்லிமெண்டு 1788-இல் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றக்கூடாது என்று சட்டம் போட்டது. 1840-இல் இருபத்தொரு வயது என்று மாற்றியது. இரண்டையும் யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் ஒரு சிறுவன் புகைபோக்கிக்குள் சிக்கி இறந்த பிறகு 1875-இல் வந்த சட்டம்தான் பலித்தது. பாட் எழுதி அதற்குள் நூறு வருஷம் ஆகிவிட்டது. 1892-இல் ஹென்றி பட்லின் என்ற லண்டன் சர்ஜன் இந்த நோய் இங்கிலாந்தில் இவ்வளவு இருக்க, பக்கத்து நாடுகளில் ஏன் அபூர்வமாக இருக்கிறது என்று ஆராய்ந்தார். அங்கே துடைப்பவர்கள் உடம்பை மூடும் உடுப்பு அணிந்தார்கள், வேலை முடிந்ததும் கழுவிக்கொண்டார்கள் என்று கண்டார்.

கரியிலிருந்து எண்ணெய்க்கு வருவோம். அதே 1875-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் ரிச்சர்ட் ஃபோல்க்மான் என்ற சர்ஜன், பழுப்பு நிலக்கரியிலிருந்து பாரஃபின் வடிக்கும் தொழிலாளிகளிடமும் அதே இடத்தில் அதே புற்று இருப்பதாகத் தெரிவித்தார். மறு வருஷம் எடின்பரோவிலிருந்து ஜோஸஃப் பெல் என்ற டாக்டரும் அதையே சொன்னார். ஸ்காட்லாந்தில் எண்ணெய் ஊறிய ஒருவகைப் பாறையைச் சூடாக்கி வடித்து வந்தார்கள். அங்கே வேலை செய்தவர்களைப் பற்றியது அவருடைய குறிப்பு. துப்பறியும் கதைப் பிரியர்கள் இந்த ஜோஸஃப் பெல்லை வேறு வேஷத்தில் அறிவார்கள். எதிரே வந்து நிற்கும் ஆளின் கையையும் நடையையும் பார்த்தே அவன் என்ன தொழில் செய்கிறவன் என்று சொல்லிவிடுவார். அவரிடம் படித்த மாணவர் கானன் டாயில். ஷெர்லக் ஹோம்ஸ் பிறந்தது அந்த வகுப்பறையில்தான். தொழிலைக் கொண்டு நோயை அடையாளம் கண்டது அவருக்குப் பொருத்தமான காரியந்தான்.

ஆனால் துப்பறிவாளரின் கண்ணுக்கும் எட்டாத ஒன்று மான்செஸ்டரில் நடந்துகொண்டிருந்தது. லங்காஷயர் பஞ்சாலைகளில் 'மியூல்' என்று ஒரு நூற்பு யந்திரம். 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் கண்டுபிடித்தது. கதிர்கள் வரிசையாகப் பொருந்திய நீண்ட வண்டி ஒன்று சக்கரத்தின்மேல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய யந்திரத்தில் கதிர்கள் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். ஆலைக்குள் வெப்பமும் ஈரமும். வெறுங்காலோடும் மெல்லிய உடுப்போடும் நூற்கிறவன் அந்த வண்டியோடு கூடவே நடப்பான். இழை அறுந்தால் குனிந்து எட்டி முடிச்சுப் போடுவான். வேகமாகச் சுழலும் கதிர்களிலிருந்து எண்ணெய் தெறித்து அவனுடைய கால்சட்டையின் முன்பக்கத்தில் ஊறும். நாள் முழுவதும், வருஷக் கணக்கில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தாவர எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் இருந்த இடத்துக்கு விலை குறைந்த பாறை எண்ணெயும் பெட்ரோலிய எண்ணெயும் வந்துவிட்டிருந்தன.

1922-இல் ஸதம், வில்ஸன் என்ற இரண்டு சர்ஜன்கள் மான்செஸ்டர் ராயல் இன்ஃபர்மரியின் பழைய ஏடுகளைப் புரட்டி ஒரு கணக்கு எடுத்தார்கள். இருபது வருஷத்தில் இந்தப் புற்றுநோயோடு அங்கே வந்தவர்கள் 141 பேர். அவர்களில் 69 பேர் மியூல் யந்திரத்தில் நூற்றவர்கள். தாரிலும் பாரஃபினிலும் வேலை செய்தவர்கள் 22 பேர்தான்.

இந்த 69 என்ற எண்ணைப் பார்த்துத்தான் நான் என் கட்சியைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். மறைவிடத்தில் வருகிற நோய் அது. மனைவியிடம் சொல்லவே கூசும். வைத்தியரிடம் சொல்ல இன்னும் கூசும். ஒவ்வொருவனும் இது தனக்கு மட்டுமே வந்தது என்று நினைத்திருப்பான். அப்படி ஒருவனைப் பற்றி நான் கதை எழுதியிருந்தால் அவனுடைய வெட்கத்தையும் தனிமையையும் நன்றாகத்தான் எழுதியிருப்பேன். படித்தவர்கள் கண் கலங்கியிருப்பார்கள். ஆனால் எண்ணெய் என்று ஒரு வார்த்தை அந்தக் கதையில் வந்திருக்காது. அவனுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? 69 பேரை ஒன்றாக நிற்க வைத்த பிறகுதான் அத்தனை பேருடைய துணியிலும் இருந்த கறை கண்ணுக்குத் தெரிந்தது. முகத்தை மறைக்கிறது என்று நான் குறை சொன்ன எண், முகங்கள் மறைத்து வைத்திருந்ததை வெளியே கொண்டுவந்தது.

எண்ணெய்தான் காரணம் என்று எல்லோரும் உடனே ஒப்பவில்லை. வண்டியின் கம்பி தொடையில் உராய்வதே காரணம் என்று வாதாடியவர்களும் உண்டு. 1926-இல் சர்க்கார் நியமித்த கமிட்டி பெட்ரோலிய, பாறை எண்ணெய்களின்மீதே குற்றம் சாட்டியது. ஆனால் அத்தோடு காரியம் முடிந்துவிடவில்லை. எண்ணெய் இல்லாமல் ஆலை ஓடாது. எல்லா எண்ணெயும் கெட்டதா? இல்லையென்றால் எது கெட்டது? எவ்வளவு கெட்டது?

இதற்குள் ஜப்பானில் ஒரு வழி பிறந்திருந்தது. டோக்கியோவில் யாமகிவா கத்ஸுஸாபுரோ என்ற பேராசிரியரும் அவருடைய துணைவர் இச்சிகாவா கோய்ச்சியும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் தடவிக்கொண்டே வந்தார்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, மாதக் கணக்கில். முன்னால் இதே பரீட்சையைச் செய்தவர்கள் பொறுமை இழந்து விட்டுவிட்டார்கள். இவர்கள் விடவில்லை. 1915-இல் முயலின் காதில் புற்றுநோய் வந்தது. மனிதன் தன் கையால் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டியது அதுவே முதல் தடவை என்று சொல்லலாம். 1926-ஆம் வருஷத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு புழுவினால் புற்றுநோய் வருகிறது என்று சொன்ன டென்மார்க்கு விஞ்ஞானி ஃபிபிகருக்குக் கிடைத்தது. பிற்பாடு அந்தப் புழுக் கொள்கை நிற்கவில்லை. யாமகிவாவின் தார் இன்றும் நிற்கிறது.

முயலுக்குப் பதிலாகச் சுண்டெலி வந்தது. 1922-இல் ஆர்ச்சிபால்ட் லீச் ஸ்காட்லாந்துப் பாறை எண்ணெயை எலியின் முதுகில் தடவிப் புற்று வருவதைக் காட்டினார். மான்செஸ்டரில் ஸி. ஸி. ட்வோர்ட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் பல ஊர் எண்ணெய்களைத் தடவி, எதனால் எத்தனை எலிகளுக்கு, எத்தனை நாளில் கட்டி வருகிறது என்று தரம் பிரித்தார்கள். எண்ணெய்க்கு எண்ணெய் பெரிய வித்தியாசம் இருந்தது. கந்தக அமிலத்தால் நன்றாகச் சுத்தம் செய்த எண்ணெய் சாதுவாகிவிட்டது. ஆக, எலிதான் தராசு. ஆனால் அந்தத் தராசின் முள் அசைய ஒரு வருஷம் ஆகும். தினமும் பீப்பாய் பீப்பாயாக வருகிற எண்ணெயை அதில் நிறுத்துக்கொண்டிருக்க முடியாது.

வேகமான தராசு ஒன்று லண்டனில் கிடைத்தது. புற்றுநோய் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி நிலையத்தில் எர்னெஸ்ட் கென்னவே என்பவர் ஒரு கூட்டம் சேர்த்திருந்தார். சாதாரணப் பொருள்களை மிகுந்த வெப்பத்தில் சுட்டாலே விஷத் தார் உண்டாகிறது என்று அவர் கண்டிருந்தார். அவருடைய கூட்டத்தைச் சேர்ந்த இஸ்ரேல் ஹீகர் இந்தத் தார்களையும் எண்ணெய்களையும் புற ஊதா ஒளியில் வைத்துப் பார்த்தார். விஷமுள்ளவை ஊதா நீலமாக ஒளிர்ந்தன. அந்த ஒளியைப் பட்டகத்தில் பிரித்தபோது மூன்று பட்டைகள் தெரிந்தன. இன்றைய அலகில் 400, 418, 440 நானோமீட்டர். வெவ்வேறு இடத்திலிருந்து வந்த விஷ எண்ணெய்களிலெல்லாம் அதே மூன்று பட்டைகள். ஒரே திருடன் பல வீடுகளில் விட்டுப்போன கைரேகை மாதிரி. 1930-இல் இதை அவர் வெளியிட்டார்.

ரேகை கிடைத்தது, ஆளைப் பிடிக்க வேண்டாமா? நிலக்கரித் தாரைக் காய்ச்சியபின் மிஞ்சும் கீலை இரண்டு டன் வரவழைத்தார்கள். வடித்து, கரைத்து, படிய வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒளியைப் பார்த்து, பட்டைகள் பிரகாசமாகத் தெரிகிற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஹீகரும் ஜேம்ஸ் குக்கும் ஹ்யூவெட்டும் 1933-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு டன்னிலிருந்து கையில் மிஞ்சியது சில கிராம் மஞ்சள் படிகம். பென்ஸோ-ஏ-பைரீன். ஐந்து வளையம், கரி அணு இருபது, ஹைட்ரஜன் அணு பன்னிரண்டு. எலியின் தோலில் தடவினார்கள். புற்று வந்தது.

அதே கீலிலிருந்து இன்னொருவனும் அகப்பட்டான். பென்ஸோ-ஈ-பைரீன். அதே இருபது, அதே பன்னிரண்டு, எடையிலும் இம்மி பிசகில்லை. ஐந்தாவது வளையம் ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. இவன் எலியின் தோலில் ஒன்றும் செய்யவில்லை. இரட்டைப் பிறவிகளில் ஒருவன் கொலைகாரன், மற்றவன் அப்பாவி என்று நான் எழுதினால் பழைய உத்தி என்பார்கள். இயற்கை இந்த உத்தியைக் கூசாமல் கையாள்கிறது.

இனி எல்லாம் சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் 1922-இல் தெரிந்த ஆபத்துக்கு இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1953-இல். மியூல் கதிருக்குச் சுத்தமான வெள்ளை எண்ணெயோ, தாவர, விலங்கு எண்ணெயோதான் போடவேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது. அதற்குள் மியூல் யந்திரங்களே பழைய இரும்பாகிக்கொண்டிருந்தன. முப்பத்தொரு வருஷம்!

பெட்ரோலியத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. கனத்த எண்ணெய் என்பது ஒரு பொருள் அல்ல. ஆயிரக்கணக்கான பொருள்கள் நெருக்கியடித்து நிற்கும் திருவிழாக் கூட்டம். அதற்குள் ஒருவனைத் தேடவேண்டும். அவனைப்போலவே முகமுள்ள பங்காளிகள் வேறு நூற்றுக்கணக்கில். ஆகையால் எண்ணெய் நிபுணர்கள் முதலில் கூட்டத்தை மொத்தமாகப் பிரித்தார்கள். டைமெதில் ஸல்ஃபாக்ஸைடு என்று ஒரு திரவம். அதை எண்ணெயோடு சேர்த்துக் குலுக்கினால் பல வளையப் பொருள்கள் பெரும்பாலும் அதற்குள் போய்விடும். மற்ற எண்ணெய் மோர்மேல் வெண்ணெய்போல் தனியே நிற்கும். பிரிந்ததை மீட்டு எடுத்துத் தராசில் வைத்து நிறுக்கவேண்டும். லண்டன் பெட்ரோலிய நிலையத்தின் 346-ஆம் இலக்க முறை என்று இதற்குப் பெயர். இப்படிப் பிரிவது நூற்றுக்கு மூன்று பங்குக்குக் குறைவாக உள்ள எண்ணெய்கள் பொதுவாக எலிக்குப் புற்று வரவழைப்பதில்லை என்று கண்டார்கள். 1994-இல் ஐரோப்பியச் சட்டம் இந்த மூன்றையே எல்லைக்கோடாக ஏற்றுக்கொண்டது. அந்த மூன்று என்ற எண்ணுக்குப் பின்னால் எத்தனை எலிகள் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

அப்பொழுதும் விஷம் ஒழிந்ததா? இடம் மாறிற்று. யந்திர எண்ணெயின் தரத்தை உயர்த்த அதிலிருந்து வாசனைச் சேர்மங்களைக் கரைத்து எடுத்துவிடுவது சுத்திகரிப்பு ஆலைகளின் வழக்கம். வெப்பம் ஏறி இறங்கும்போது எண்ணெயின் கனம் அதிகமாக மாறாமல் இருக்க அது வேண்டியிருந்தது. எடுத்த கறுப்புச் சாற்றை என்ன செய்வது? ரப்பரை மிருதுவாக்க அது வெகு நேர்த்தியாக உதவியது. மோட்டார் டயருக்குள் போயிற்று. டயர் ரோட்டில் தேய்ந்து தூசியாகப் பறந்தது. ஆலைத் தொழிலாளியின் துணியைவிட்டு நீங்கியது எல்லோருடைய தெருவிலும் வந்து படிந்தது.

2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கும் ஒரு வரம்பு விதித்து, 2010 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தது. டயரில் கலக்கும் எண்ணெயில் பென்ஸோ-ஏ-பைரீன் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்குமேல் கூடாது. பெயர் குறித்த எட்டுப் பேரும் சேர்ந்து பத்து மில்லிகிராமுக்குமேல் கூடாது. அந்த எட்டில் நம் அப்பாவி இரட்டையனும் ஒருவன். நல்ல முறை வரும்வரையில் பழைய மூன்று பங்குக் கணக்கும் செல்லும் என்று விட்டிருந்தார்கள். தனித்தனியாக எண்ணும் முறை 2013-இல் ஐரோப்பியத் தர விதியாக வெளிவந்தது. எண்ணெயை இரண்டு குழாய்களில் ஒன்றன்பின் ஒன்றாக வடித்துச் சுத்தம் செய்கிறார்கள். பிறகு நீண்ட நுண்குழல் ஒன்றில் ஆவியாக ஓடவிட்டால் ஒவ்வொரு பொருளும் தன் தன் நேரத்தில் வந்து சேருகிறது. வந்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் நிறுக்கிறது. இரட்டையர்களை நிறுவையால் பிரிக்க முடியாது. வந்து சேரும் நேரத்தில் உள்ள சிறு வித்தியாசம்தான் காட்டிக்கொடுக்கிறது.

கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி இரண்டு டன் எண்ணெயில் இரண்டு கிராம். ஹீகரும் நண்பர்களும் இரண்டு டன் கீலைப் பாடுபட்டு வடித்துக் கையில் ஏந்திய சில கிராமை நினைத்துக்கொள்கிறேன். அன்று பிடிக்கவே அத்தனை பாடு. இன்று இதற்குமேல் ஒரு பொட்டு இருந்தாலும் சோதனைச் சாலையில் தெரிந்துவிடும்.

அதனால் எண்ணின் கட்சிக்கு முழுவதும் மாறிவிட்டேனா என்றால், இல்லை. டென்மார்க்கின் கரி துடைப்பவர்கள் எந்த எண்ணுக்காகவும் காத்திருக்கவில்லை. எழுபது எண்பது தலைமுறை எலிகளும் வேண்டாம், ஸ்பெக்ட்ரோமீட்டரும் வேண்டாம் என்று ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். எது என்று தெரியாமலே, கூடாது என்பதைத் தெரிந்துகொண்டார்கள். அளவு தெரியட்டும் என்று சொல்லிக்கொண்டு முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவர்கள் கையில் எண் ஒரு சாக்காகவும் இருந்திருக்கிறது. ஆனால் குளிக்கச் சொல்லலாமே தவிர, ஓடும் யந்திரத்தை எண்ணெய் இல்லாமல் ஓடச் சொல்ல முடியாது. எண்ணெய் இருக்கட்டும், விஷம் போகட்டும் என்று பிரித்துச் சொல்ல அளவு தெரிந்தே ஆகவேண்டும்.

இப்போது பத்திரிகையில் இத்தனை பேர் என்று ஓர் எண்ணைப் பார்த்தால் நான் உடனே பக்கத்தைப் புரட்டுவதில்லை. வெறுங்காலோடு வண்டியின் பின்னால் நடக்கும் 69 பேர் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் பெயர் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் தனித்தனியே சொல்ல முடியாமல் போனதை அந்த எண் அவர்களுக்காகச் சொல்லியிருக்கிறது.